மாடியில் பிள்ளை, மேலே கல்

தாராவியில் மே மாதம் வந்தால் எல்லா வீட்டுக் கூரைமேலும் ஆள் நிற்பான். மழைக்கு முன்னால் தகரம் மாற்றியாக வேண்டும். அந்த வருடம் எங்களுக்கு அவசரம் கூட. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கைப்பிள்ளையோடு மாடி அறையில்தான் இருந்தாள்.

வேலையை ஒப்புக்கொண்ட காண்டிராக்டர் எங்கள் சபைக்காரர், திருநெல்வேலிப் பக்கம். ஏணியில் கால் வைக்குமுன் எங்களை நிற்கவைத்து, கண்ணை மூடி, நீளமாக ஜெபம் செய்தார். என் வீட்டுக்காரர் அதிலேயே விழுந்துவிட்டார். வேலை முடிந்ததும் ஒரு தடவை ஏறிப் பார்க்கிறேன் என்றேன்.

“ஏட்டி, சும்மா கெட. ஜெபம் பண்ணிட்டு ஏறின மனுசன் வேலைய நாம ஏறிப் பாத்தா, அவரை நம்பலன்னுல்லா ஆவும்?” என்றார் வீட்டுக்காரர்.

ஜெபம் எதற்கு, போல்ட்டு எதற்கு என்று பிரித்துப் பார்க்க எங்கள் ஆட்களுக்கு வராது. ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு இருந்துவிட்டேன்.

முதல் மழை ஒரு மத்தியானம் காற்றோடு வந்தது. மாடியில் தடதடவென்று சத்தம். ஓடினேன். நடுத்தகரம் எழும்பி எழும்பி அடித்தது. எழும்பும்போதெல்லாம் வானம் தெரிந்தது. மகள் பிள்ளையின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். இருவரையும் இழுத்துக்கொண்டு படியில் இறங்கும்போது பின்னால் என்னவோ தொப்பென்று விழுந்தது. பிள்ளை கிடந்த மெத்தையில் ஒரு கருங்கல்.

தகரத்தைக் கம்பியோடு பிடிக்கிற போல்ட்டை நாலு மூலையில் மட்டும் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். எங்கள் சபையிலும் அது உண்டு.

வீட்டுக்காரர் காண்டிராக்டருக்குப் போன் போட்டார்.

“காத்து அடங்கிரும் அண்ணாச்சி. ஜெபத்துல இருங்க,” என்றார் அவர். பிறகு போனை எடுக்கவேயில்லை.

வீட்டுக்காரர் மாடி அறைக்குள் நின்றே தகரத்தைக் கயிறு போட்டுக் கட்டி, மழை விடும்வரை நனைந்தபடி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கல் எப்போது விழுமோ என்று நான் படியில் நின்று அவர் தலையையே பார்த்தேன். அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

மழை விட்டதும் மகள் பையில் துணி அடுக்கத் தொடங்கினாள். அவள் மாமியார் வீடு டோம்பிவிலியில்.

“பிள்ளைக்கு இன்னும் மூணு மாசம் திகையலியேட்டி,” என்றேன்.

“அங்க காங்கிரீட் சிலாப் போட்ட வீடும்மா,” என்றாள்.

இரு என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளையின் தொட்டில் சேலையை நானே அவிழ்த்து மடித்துக் கொடுத்தேன்.