புரட்டாசியில் ஒரு கிராவல் ஏற்றம்

அமெரிக்காவில், பிளசன்டனில் எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் திராட்சைத் தோட்டங்கள் தொடங்கிவிடும். மேடும் பள்ளமுமாக வரிசை வரிசையாய்க் கொடிகள், நடுநடுவே சரளைக்கல் பாதைகள். ஊரில் மற்றவர்கள் அங்கே வைன் குடிக்கப் போவார்கள். என் கணவரும் அவருடைய நான்கு நண்பர்களும் அந்தச் சரளையில் கிராவல் பைக் என்கிற சைக்கிள் ஓட்டப் போனார்கள். ஐந்து பேரும் ஐடி. ஐந்து பேருக்கும் தொப்பை. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்கள்.

நடக்கலாமே என்றேன். நடப்பதற்குக் கடையில் வாங்க ஒன்றுமில்லை, அதுதான் குறை. கிராவல் பைக் என்றால் தடித்த டயர், கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, பின்புறத்தில் மெத்தை தைத்த கால்சட்டை என்று வாங்க நிறைய இருந்தது. அந்தக் கால்சட்டையில் என் கணவரை முதன்முதலாகப் பார்த்தபோது நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

சைக்கிளை எடுத்தோமா, மிதித்தோமா என்று இவர்களால் இருக்க முடியாது. ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு ஸ்பிரெட்ஷீட். வியாழக்கிழமை மாலை அரைமணி நேரம் கான்ஃபரன்ஸ் கால். ஓட்டி முடித்த பிறகு, எது நன்றாகப் போயிற்று, எதைத் திருத்திக்கொள்ளலாம் என்று இன்னொரு மீட்டிங். ஸ்பிரெட்ஷீட்டில் ஆபத்துகள் என்று தனியாக ஒரு பத்தி உண்டு. அதில் பாம்பு, நாய், வெயில் எல்லாம் இருக்கும். சப்போர்ட் வெஹிக்கிள் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

சப்போர்ட் வெஹிக்கிள் என்றால் எங்கள் மினிவேன். இவர்கள் போகும் பாதைக்குப் பக்கத்து ரோட்டில் நான் அதை ஓட்டிக்கொண்டு போகவேண்டும். பின் சீட்டில் ஹாட் பாக்ஸ், தண்ணீர், பஞ்சர் சாமான், ஐந்து துண்டு. இவர்கள் சாகசம் செய்வார்கள், நான் புளியோதரையோடு காத்திருப்பேன்.

நானும் வருகிறேனே என்று ஒருநாள் கேட்டேன்.

“கிராவல் வேற, ரோடு வேறம்மா. டயர் வழுக்கும். உனக்குச் சரிப்படாது,” என்றார்.

இதை என்னிடம் சொன்னவருக்கு ஒன்று மறந்துபோயிருந்தது. அமெரிக்கா வந்த முதல் மூன்று வருடம் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை, வீட்டில் ஒரே கார், அதை அவர் ஆபீசுக்கு எடுத்துப் போய்விடுவார். பழைய சைக்கிள் ஒன்றின் பின்னால் மகளை உட்காரவைத்து, ஹேண்டில்பாரில் இரண்டு கேலன் பாலைத் தொங்கவிட்டு, இதே ஊரின் மேடுகளில் நான் தினமும் ஏறி இறங்கினேன். அதற்கு யாரும் ஃபிட்னஸ் என்று பெயர் வைக்கவில்லை. பாவம், கார் இல்லை என்றார்கள்.

மறுபடி ஏறி உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்மையாகவே இருந்தது. இரண்டு மூன்று தடவை கேட்டேன், ஒவ்வொரு தடவையும் அதே சரிப்படாது. பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

திராட்சை அறுவடையும் புரட்டாசியும் ஒன்றாக வரும் என்பது ஸ்பிரெட்ஷீட்டுக்குத் தெரியவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் என் கணவருக்குப் பெருமாளுக்குப் படைக்கும்வரை பச்சைத் தண்ணீர்தான். மற்ற பதினொரு மாதமும் பெருமாளை அவர் அதிகம் தொந்தரவு செய்வதில்லை. போன வருடம் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை முப்பது மைல் ரூட், வைன் தயாரிக்கும் ஒயினரி ஒன்றின் வாசலில் முடிகிறது. வைன் தொடமாட்டார்கள், விரதம். ஒயினரிக்குள் வெளிச் சாப்பாடு கூடாது. ஆகவே திட்டம் இதுதான்: ஒயினரி பார்க்கிங்கில் வேனுக்குப் பின்னால் நின்று, பெருமாளுக்குக் காட்டிவிட்டுப் புளியோதரை சாப்பிடுவது, பீப்பாய்க்குப் பக்கத்தில் ஃபோட்டோ எடுப்பது.

“வெறும் வயித்துல முப்பது மைலா?” என்றேன்.

“ஃபாஸ்டிங்ல ஓட்டினாதான் ஃபேட் பர்ன் ஆகும். புண்ணியமும் ஆச்சு,” என்றார்.

பதினெட்டாவது மைலில் ஃபோன் வந்தது. “எங்க இருக்க? எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி வருது.” நண்பர்கள் நால்வரும் முன்னால் போய்விட்டார்கள். அவர் இருந்த பாதைக்குப் போகும் வழியில் ஒரு கேட், அதற்குள் வண்டிகள் நுழைய முடியாது. வேனை நிறுத்திவிட்டு, டிபன் டப்பாவில் புளியோதரையும் இரண்டு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு மைல் ஓட்டமும் நடையுமாகப் போனேன். கால்சட்டையைப் பார்த்துச் சிரித்ததற்கெல்லாம் வழியிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பெரிய ஏற்றம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், கொடியோரத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. காதில் இடிக்கிற மாதிரி கறுகறுவென்று பழுத்த திராட்சைக் குலைகள் தொங்கின.

“நாலு பழத்தைப் பறிச்சு வாயில போட்டுக்கிட்டிருக்கலாமேங்க?”

“கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கும்மா. யாராவது வீடியோ எடுத்துட்டா?”

பன்னிரண்டு வருடமாக வரி கட்டுகிறவர், நான்கு திராட்சைக்குப் பயந்து மயக்கம் போட இருந்தார். விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெருமாளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன். கையுறையோடே புளியோதரையையும் அள்ளிச் சாப்பிட்டார். நிறம் திரும்பியது. திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி, “ரெக்கார்டிங் ஓடிட்டுத்தானே இருக்கு?”

ஹேண்டில்பாரில் ஒரு சின்னப் பெட்டி வழியையும் நேரத்தையும் பதிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தினால் பாதியில் விட்டதாக ஆப்பில் காட்டுமாம், நண்பர்கள் எல்லோரும் பார்ப்பார்களாம்.

“நீங்க மெதுவா நடந்து போய் வேனை எடுத்துட்டு ஒயினரி கேட்டுக்கு வந்துடுங்க. சைக்கிளை நான் கொண்டு வர்றேன்,” என்றேன்.

“உனக்கு கிராவல்…”

“சாவி இந்தாங்க.”

எங்கள் இருவருக்கும் ஒரே உயரம். கல்யாண ஃபோட்டோவில் அவர் ஒரு பலகைமேல் நிற்கிறார். சீட்டைக்கூட இறக்க வேண்டியிருக்கவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, ஹெல்மெட்டை மாட்டி ஏறினேன். டயர் முதலில் வழுக்கத்தான் செய்தது. பிறகு அது என்ன கேட்கிறது என்று காலுக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சு எரிய எரிய மிதித்தேன். பாலும் இல்லை, பின்னால் குழந்தையும் இல்லை, இவ்வளவு லேசாகவா இருக்கும் என்று நினைத்தபோது உச்சி வந்துவிட்டது. கீழே தோட்டம் முழுக்க வெயில். யாரும் இல்லாத தைரியத்தில் ஒரு கூச்சல் போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

ஒயினரிக்கு ஒரு வளைவு முன்னால் வேன் நின்றிருந்தது. இவர் ரோட்டில் காத்திருந்தார்.

“இங்க குடு. எல்லாரும் பாத்துட்டிருப்பாங்க,” என்றார்.

கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே கோபம் வருகிறது. அந்த வெளுத்த முகம் கண்ணில் இருந்தது, கொடுத்துவிட்டேன். கடைசி இருநூறு அடியை அவர் கம்பீரமாக ஓட்டிப் போனார். பின்னால் நான் வேனில் போனேன்.

அன்று மாலை ஆப்பில் ஒரே அமளி. அந்த ஆப் பெரிய ஏற்றத்தை மட்டும் தனியாக அளந்து வரிசைப்படுத்தும். ஐந்து பேரில் முதலிடம் என் கணவருக்கு. விரதத்துல இப்படியா, பின்னிட்டீங்க என்று எழுதியிருந்தார்கள். இவர் கைகூப்பும் படம் ஒன்று போட்டு, எல்லாம் பெருமாள் அருள் என்று எழுதினார். நான் எதிர் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரமே எனக்கு ஒரு பழைய கிராவல் பைக் வாங்கினேன். இந்தத் தடவை யாரும் சரிப்படாது என்று சொல்லவில்லை. வேனை ஆளுக்கொரு வாரம் ஓட்டுவது என்று முறை வைத்தார்கள், என் கணவரின் முறை மட்டும் ஏதாவது ஒரு காரணத்தால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அந்த ஏற்றத்தில் அவர் பலமுறை முயன்றார், அன்று பதிவான நேரத்தின் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. காலில் பிடிப்பு, எதிர்க்காற்று என்று ஏதாவது சொல்வார்.

இந்த வருடம் இரண்டாம் புரட்டாசிச் சனிக்கிழமை. அதே ஏற்றத்தில் உயிரைக் கொடுத்து மிதித்தேன். ஒயினரி பார்க்கிங்கில் அன்று வேன் ஓட்டிய நண்பர் ஃபோனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணனோட டைம் நாலே செகண்ட்ல விட்டுப்போச்சு அண்ணி. பரவால்ல, செகண்ட் பிளேஸே பெரிய விஷயம். அண்ணன் லெவல் வேற.”

நான் என் கணவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வேண்டிய நேரம் கொடுத்தேன். அவர் குனிந்து டயருக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே கல்லு மாதிரி இருந்தது.

நண்பரிடமிருந்து வேன் சாவியை வாங்கி, குனிந்திருந்தவரின் முதுகுப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

“இனிமே சனிக்கிழமை எல்லாம் வேன் அண்ணன்தான். புளியோதரையும் அவரே கிளறிடுவார்,” என்றேன்.

“ஏன் அண்ணி?” என்றார் நண்பர்.

“அவரையே கேளுங்க.”

காற்றடிப்பது நின்றது. தலையைத் தூக்காமலே, “சரி, நான் ஓட்டறேன்,” என்றார்.