முதுகைப் பார்த்து ஓடியவள்

சுலக்ஷனா தையல் வேலைக்காக ஜோர்தானுக்குப் புறப்பட்டது 2022 ஓகஸ்ட் பதினாறாம் திகதி, ஒரு செவ்வாய்க்கிழமை. நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த காலம். லிந்துலையிலிருந்து தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போக ஒரு ஓட்டோகூடக் கிடைக்கவில்லை. அவளும் பிரியந்தியும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பெட்டியின் சில்லு ஒன்று ஏற்கெனவே கழன்றிருந்தது.

“நாளைக்கு எந்தப் பக்கம் ஓடுவ?” என்று சுலக்ஷனா கேட்டாள்.

“வழக்கமா ஓடுற பக்கந்தான்.”

“அட்ட கடிச்சா நின்னு பாத்துக்கிட்டு இருக்காத. ஒன்கிட்ட ரத்தமே இல்ல, அதுதான் செத்துப்போவும்.”

“போடி. நீ அங்க போயி மிஷின்ல வெரல தச்சுக்காம இரு.”

ரயில் வந்தது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு சுலக்ஷனா ஏறினாள். திரும்பிக் கை காட்டுவாள் என்று பிரியந்தி காத்து நின்றாள். பெட்டியை வைக்க இடம் தேடும் அவசரத்தில் அவள் திரும்பவே இல்லை. அவளுடைய முதுகுதான் கடைசியாகத் தெரிந்தது. அது பிரியந்திக்குப் பழகிப்போன முதுகு. ஏழு வருடங்களாக, மழையோ பனியோ, காலை ஐந்தரைக்கு அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டு அவள் ஓடியிருந்தாள்.

மறுநாள் தனியாக ஓடப் போனாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து, மேல் டிவிஷனில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவம் வரை ஒற்றையடிப் பாதையில் மூன்று கிலோமீற்றர். பாதி தூரத்தில் கால்கள் தாமாக நடக்கத் தொடங்கின. மூச்சு வாங்கவில்லை, நோவும் இல்லை. முன்னால் பனிதான் இருந்தது. எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. வலயப் போட்டியில் ஐயாயிரம் மீற்றரில் சுலக்ஷனா முதலாவது, பிரியந்தி இரண்டாவது. மாவட்டத்திலும் அப்படியே. கணக்குப் பாடம் எடுத்த கிளைவ் சேரிடம் ஒரு ஸ்டொப் வாட்ச் இருந்ததால் அவரே பயிற்சியாளரும் ஆனார். அப்போது அவருக்கே இருபத்தாறு வயதுதான். “ரெண்டு பேரும் ஒரு செக்கன்தான் வித்தியாசம். ரெண்டு பேரும் கொழும்புக்குப் போகலாம்” என்று அவர் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் முடிந்த பிறகும் இருவரும் ஓட்டத்தை விடவில்லை. மாகாணப் போட்டியில் முதல் இரண்டு பேருக்குள் வந்தால் தேசியப் போட்டிக்கு அழைப்பு உண்டு. அதில் நன்றாக ஓடுகிற பெண்களை இராணுவமும் பொலிசும் தங்கள் அணிக்கு எடுத்துக்கொள்ளும். பிரியந்தி தேயிலை மலையைவிட்டு வெளியேற அது ஒன்றே வழியாக இருந்தது.

சுலக்ஷனா காத்திருக்காமல் வேறு வழியாகப் போய்விட்டாள். பிரியந்தி லிந்துலையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மா ஜீவராணி ஒரு கெடு வைத்தாள். “ரெண்டு வருஷம் ஓடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அதுக்கப்பறம் தோட்டத்துல பேர் பதியணும். ஒங்கப்பாவுக்கு முட்டி போச்சு, லயத்து வீட்டுக்கு ஒரு பேராவது தோட்டத்துச் செக்ரோல் பதிவுல இருக்கணும்.”

2023ஆம் ஆண்டு மாகாணப் போட்டியில் அவள் மூன்றாவதாக வந்தாள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓடி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. இரண்டாவதாக வந்தவள் கோட்டைத் தாண்டியதும் புல்லில் மல்லாந்து கிடந்தாள். பிரியந்தி போய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கிளைவ் சேர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது.

“அந்தப் புள்ள கடைசி மூணு ரவுண்டும் நடந்துதான் வந்துச்சு. நீயும் பின்னாலயே நடந்து வர்ற! ஏன் தாண்டல?”

“தெரியல சேர்.”

“காலு வலிச்சுச்சா?”

“இல்ல சேர்.”

“அப்ப என்னதான்?”

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. முன்னால் ஒரு முதுகு கிடைத்துவிட்டால் அவள் கால்கள் அந்த முதுகின் வேகத்துக்கு இறங்கிவிடும். முதுகு வேகமாகப் போனால் அவளும் வேகமாகப் போவாள். முதுகு தளர்ந்தால் அவளும் தளர்வாள். ஊருக்கு வந்தபோது ஆளுக்கொரு விளக்கம் தயாராக இருந்தது. கண் பட்டுவிட்டது என்று அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். மனவலிமை போதாது என்றார் போட்டோக்கொப்பிக் கடை முதலாளி. அவர் வாழ்நாளில் பஸ்ஸுக்குக்கூட ஓடாதவர். சுலக்ஷனாவுக்கு எழுதினால், “நான் வேணும்னா இங்கேருந்து ஓடவா? வீடியோவ முன்னால புடிச்சுக்கிட்டு நீ ஓடு” என்று சிரிக்கும் முகங்கள் நான்கைப் போட்டு அனுப்பினாள். பிரியந்தி இரண்டு வாரம் அவளுடன் பேசவில்லை.

அடுத்த மாதம் நுவரெலியாவில் வீரர்களுக்கு உளவியல் பயிற்சி என்று இரண்டு நாள் வகுப்பு நடந்தது. கிளைவ் சேர் அலைந்து திரிந்து அவள் பெயரைச் சேர்த்துவிட்டார். பேச வந்தவர் நல்ல மனிதர், சிங்களத்தில் பேசினார். தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஓர் அலுவலர் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மைதானத்தை மனதில் காண வேண்டும். கடைசிச் சுற்று, முன்னால் யாருமே இல்லை, நாடா மட்டும் தெரிகிறது. மற்றவர்கள் முகத்தில் புன்னகை அரும்பியது. பிரியந்தி கண்ணைத் திறந்துவிட்டாள்.

கேள்வி கேட்கும் நேரத்தில் எழுந்து நின்றாள். “எனக்கு முன்னால ஆள் இல்லன்னா எவ்வளவு வேகத்துல போறதுன்னு தெரிய மாட்டேங்குது. ஆள் இருந்தா தாண்ட முடியல. தோத்துருவோம்னு பயமில்ல. தாண்டுறதுதான் ஏதோ தப்பு செய்யிற மாதிரி இருக்கு. இதுக்கு என்ன செய்யலாம்?”

அலுவலர் அதை மூன்றே சொல்லில் சிங்களத்தில் சொன்னார். பேச்சாளர் அன்பாகத் தலையசைத்து நீளமாகப் பதில் தந்தார். அலுவலர் அதைத் திரும்பத் தமிழில் சுருக்கினார்: “தன்னம்பிக்கை வேணும்னு சொல்றாரு. இருங்க.”

அவள் உட்கார்ந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, அங்கே தந்த தாளை நான்காக மடித்து, எட்டாக மடித்து, அதற்கு மேல் மடிக்க முடியாமல் சன்னல் வழியே எறிந்தாள்.

விடை வேலைக்குப் போகும் வழியில் கிடைத்தது. அதற்கு ஐந்து மாதம் ஆனது. ஒரு நாள் லயத்திலிருந்து பஸ்ஸுக்குக் குறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பாதையில் ஓர் ஆள்தான் போகலாம், இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலை. முன்னால் நான்கு பெண்கள் பேசிக்கொண்டு மெதுவாகப் போனார்கள். கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. பிரியந்தி அவர்களுக்குப் பின்னாலேயே நடந்தாள். அப்போது பின்னாலிருந்து, “வழி! வழி!” என்று ஒரு குரல். தலையில் கொழுந்து மூட்டையுடன் ஒருத்தி வேகமாக வந்தாள். நான்கு பேரும் பேச்சை நிறுத்தாமலே செடிக்குள் ஒதுங்கினார்கள். பிரியந்தியும் ஒதுங்கினாள். மூட்டைக்காரி கடந்து போனதும் எல்லோரும் பழையபடி வரிசையில் ஏறிக்கொண்டார்கள். பஸ் போய்விட்டது.

நடு ரோட்டில் நின்றுகொண்டு அவள் கிளைவ் சேருக்குப் போன் எடுத்தாள்.

“சேர், எங்க தோட்டத்துப் பாதையில யார் வழி கேப்பாங்க?”

“சொமை தூக்குறவங்க.”

“வெறுங்கையோட வர்றவங்க?”

“வெறுங்கையோட வந்துகிட்டு வழி கேட்டா, என்னா அவசரம், மாமியார் வீட்டுக்கா போறன்னு கேப்பாங்க… ஏன்?”

“ஏழு வருஷம் இந்த மாதிரிப் பாதையிலதான் ஓடியிருக்கேன் சேர். சுலக்ஷனாவ ஒரு நாளாவது தாண்டியிருக்கேனா? தாண்டத்தான் எடமிருக்கா? பின்னால ஓடத்தான் நான் பழகியிருக்கேன்.”

“பாதைய நான்தானே காட்டுனேன்” என்றார் கிளைவ் சேர்.

அதற்குப் பிறகு அவள் பாதையில் ஓடவில்லை. தொழிற்சாலைக்குப் போகும் தார் ரோட்டுக்கு மாறினாள். இரண்டு லொறி ஒன்றையொன்று கடக்கும் அகலம். ஆனால் தாண்டிப் பழக முன்னால் ஓர் ஆள் வேண்டும். ஓட்டோ ஓட்டும் கஜேந்திரன் சம்மதித்தான். பாடசாலைக் காலத்தில் அவனும் ஓட்டக்காரன். மெதுவாக ஓட வேண்டும், தாண்ட விட வேண்டும் என்று மூன்று தடவை சொல்லியிருந்தும், பிரியந்தியின் காலடி காதில் விழுந்ததும் அவன் வேகத்தைக் கூட்டினான்.

“அண்ணே, விடுங்கண்ணே!”

“விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்!”

“எங்க விடுறீங்க? பறக்குறீங்க!”

“கீழ லயத்துப் பசங்க பாத்துக்கிட்டு இருக்கானுங்க. நாளைக்கு ஸ்டேண்ட்ல நான் நிக்க வேணாமா?”

இரண்டு கிலோமீற்றரில் கஜேந்திரன் ரோட்டோரக் கல்வெர்ட்டுச் சுவரில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். தாண்டியது மாதிரியும் இல்லை, தாண்டாதது மாதிரியும் இல்லை. பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவள் “வழி” என்று கேட்டால் அவன் அதே வேகத்தில் ஓட வேண்டும், கூட்டக் கூடாது. அந்த ஒரு சொல்லுக்கு அவனும் கட்டுப்பட்டான். சிறு வயதிலிருந்து அதற்கு மட்டும் கட்டுப்பட்டவன். பிரியந்திக்கும் அந்தச் சொல் வாயைவிட்டு வந்ததும் தலையில் ஒரு மூட்டை ஏறியது போல இருந்தது. நான் சும்மா போகவில்லை, எனக்கும் சுமை இருக்கிறது, ஒதுங்கு. பார்வை முன்னால் உள்ள முதுகைவிட்டு ரோட்டின் அடுத்த வளைவுக்குப் போனது. கால்கள் பின்தொடர்ந்தன.

“மனசுக்குள்ள சொல்லிப் பழகு” என்றார் கிளைவ் சேர்.

“உள்ளுக்குள்ள சொன்னா எனக்கே கேக்கல சேர். போட்டி அன்னிக்குப் பாத்துக்கலாம்.”

எட்டு மாதம் சத்தமாகவே பழகினாள். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். எதைப் பழகினோமோ அதுதான் வரும் என்பது ஒரு கணக்கு வாத்தியாருக்காவது உறைத்திருக்க வேண்டும்.

2024 மாகாணப் போட்டி கண்டியில். அம்மா வைத்த கெடுவில் கடைசி ஓட்டம். பன்னிரண்டரைச் சுற்றில் பத்தாவது சுற்று முடிந்தபோது முதலில் ஓடியவள் வெகு தூரம் போய்விட்டாள். இரண்டாவதாக அனுஷ்கா, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, பத்தொன்பது வயது. பிரியந்தி மூன்றாவது. அனுஷ்காவின் தோள்கள் ஆடத் தொடங்கின. பிரியந்தியின் கால்கள் பழைய பழக்கத்தில் தளரப் பார்த்தன. அவள் பார்வையை நிமிர்த்தி வளைவுக்குக் கொண்டுபோனாள். வாய் தானாகத் திறந்தது.

“வழி!”

அனுஷ்கா வெளிப்பக்கம் ஒதுங்கினாள், ஒரு முழு ஓடுபாதை தள்ளி. பிரியந்தி உள்பக்கமாகப் போனாள். கடைசிச் சுற்றில் அவளுக்கு முன்னால் யாரும் பக்கத்தில் இல்லை, ஆனாலும் ஓடினாள். பதினெட்டு நிமிடம் நான்கு செக்கன், இரண்டாவது இடம். கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்து வானத்தைப் பார்த்தாள். மூச்சு நெஞ்சைக் கிழித்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது.

அழுகை முடிவதற்குள் அனுஷ்காவின் பயிற்சியாளர் முறைப்பாடு கொடுத்துவிட்டார். கத்தி மிரட்டிப் போட்டியாளரைப் பாதையைவிட்டு விலக்கினாளாம். நடுவர்கள் அனுஷ்காவைக் கூப்பிட்டார்கள். ஏன் ஒதுங்கினாய்? அவள் தன் பயிற்சியாளரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். “அந்த அக்கா கத்துனாங்க. அதான்.”

ஒருவர் ‘வழி’ என்றால் என்ன என்று கேட்டார். கிளைவ் சேர் சிங்களத்தில் கொழுந்து மூட்டையிலிருந்து விளக்கத் தொடங்கினார். பாதி விளக்கத்திலேயே முடிவை எழுதிவிட்டார்கள். இடையூறு செய்ததால் பிரியந்தி நீக்கம். அனுஷ்கா இரண்டாவது.

திரும்பும் பஸ்ஸில் கிளைவ் சேர் ஆறுதல் சொல்லப் பார்த்தார். “நேரத்தப் பாரு புள்ள. பதினெட்டு நாலு. அத யாராலயும் எடுக்க முடியாது.”

“நேரம் கெடக்கட்டும் சேர். நான் தாண்டுனேனா, அவ வழி விட்டாளா? அத மட்டும் சொல்லுங்க.”

பிரியந்தி சன்னல் கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டே வந்தாள். போட்டியிலிருந்து நீக்கியதைக்கூட விழுங்கிவிடலாம். அந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் எப்படி ஓடுவது, எப்படி விடுவது? சத்தம் போடாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கண்ணை மூடிப் பார்ப்பாள். அங்கே அனுஷ்கா ஒரு தடவை ஒதுங்குவாள், இன்னொரு தடவை ஒதுங்க மாட்டாள். வீட்டில் பாத்திரங்கள் அடி வாங்கின. போட்டோக்கொப்பிக் கடை முதலாளி மறுபடியும் மனவலிமையை எடுத்தபோது வேலையை விட்டு வந்துவிட்டாள்.

தை பிறந்ததும் பேர் பதிந்தாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனாள், கொழுந்து எடுத்தாள், மூட்டையைத் தலையில் வைத்து இறங்கினாள். இப்போது கேட்டால் அவளுக்கும் எல்லோரும் ஒதுங்குவார்கள். அவள் வாயைத் திறந்து கேட்பதே இல்லை. மூட்டைக்காரி இப்படி ஊமையாக வந்து முதுகில் இடிப்பாளா என்று மற்றப் பெண்கள் ஏசினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தார் ரோட்டில் ஓடினாள், சில ஞாயிறு ஓடவில்லை. 2025 மாகாணப் போட்டிக்கான விண்ணப்பத்தைக் கிளைவ் சேர் கொண்டுவந்து கொடுத்தபோது, “யோசிப்போம் சேர்” என்றாள். அவர் அதை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தெரியாத இலக்கத்திலிருந்து வட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. தேயிலைச் செடிக்கடியில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக் கேட்டாள்.

“அக்கா, நான் அனுஷ்கா. கண்டியில ஓடுனோமே, அந்த அனுஷ்கா. நம்பர் கஜேந்திரன் அண்ணேகிட்ட எடுத்தேன், அவர ஏசாதீங்க. கொழும்புல நான் கடைசிக்கு மொத ஆளு. அது கெடக்கட்டும். அக்கா, நீங்க கத்துறதுக்கு முந்தியே எனக்குக் காலு செத்துப்போச்சு. ஒங்க காலடிச் சத்தம் கிட்ட வந்துச்சு, இனி முடியாதுன்னு நானாத்தான் வெளிய போயிட்டேன். காலு தூக்குன பொறகுதான் நீங்க கத்துனீங்க. கத்துனதாலதான்னு சொல்லச் சொன்னது எங்க சேர். சொன்னது நான்தான். போன வருஷமே சொல்லணும்னு இருந்தேன், பயமா இருந்துச்சு. இந்த வருஷம் நான் ஓடல, எனக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க. நீங்க பேர் குடுத்திருக்கீங்களான்னு தெரியல. இருபதாம் திகதி கடைசி நாளுன்னு சொன்னாங்க. பதில் போடாட்டியும் பரவாயில்லக்கா.”