கொடியில் காயும் குடும்பம்

ஒருவரும் உடுத்தாத உடுப்புகளைக் குணலட்சுமி தோய்த்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்று, இரண்டு சேர்ட்டுகள், பெண்கள் வீட்டில் போடுகிற நீளச் சட்டை ஒன்று, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அளவான மஞ்சள் சட்டை ஒன்று. அழுக்கு என்று சொல்ல எதுவும் இல்லை. போன வியாழக்கிழமை போட்ட சவர்க்காரத்தின் வாசனைகூட இன்னும் போயிருக்கவில்லை. என்றாலும் கிணற்றடிக் கல்லில் வைத்துக் கும்மி, இரண்டு தண்ணீரில் அலசி, ஒழுங்கையால் போகிறவர்களின் கண்ணில் படுகிற கொடியில் ஒவ்வொன்றாக விரித்தாள். சும்மா நனைத்து விரித்தாலும் போதும்தான். அது அவளுக்குப் பொய் மாதிரிப் பட்டது.

வீடு யாழ்ப்பாணத்து இணுவிலில் இருந்தது. வீட்டுக்காரன் வாகீசன் கனடாவில் இருந்தான். சின்ன வயதிலேயே போனவன். மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் வருவான்.

"அன்ரி, வெறும் வீடெண்டு ஒரு குருவிக்கும் தெரியக் கூடாது. கள்ளர் ஒரு பக்கம், பங்கு கேக்கிற சித்தப்பாவின்ரை பெடியள் மறுபக்கம். கதை வெளியிலை போச்செண்டால் நான் வித்துப்போட்டு இருந்திடுவன்."

விற்றால், ஒழுங்கையின் மறுபக்கத்தில் குணலட்சுமி வாடகையில்லாமல் இருந்த இரண்டறை வீடும் போகும். இரண்டும் ஒரே காணி உறுதிப் பத்திரத்தில் இருந்தன.

அவள் வசாவிளானில் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். சண்டை வந்து அந்த மண்ணை விட்டு எழும்பியபின் கோயில் மடத்திலும், பள்ளிக்கூட வகுப்பறையிலும், தறப்பாள் கூடாரத்திலும், பிறர் வீட்டுச் சுவரோடு இறக்கிய பத்தியிலும் குடியிருந்திருக்கிறாள். புருஷன் ஒருநாள் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார், பிறகு எழும்பவில்லை. மகள் தயாளினி வவுனியாவில், மாமியார் வீட்டில். "அங்கை போய் இருக்கலாம்தானே?" என்று கேட்பவர்களுக்கு, "நாலு நாளைக்கு இருக்கலாம்" என்பாள். அதனால் இந்த இரண்டறை வீட்டை, தன் வயிற்றில் வந்த பிள்ளையைப்போல, பேச்சுமூச்சுக் காட்டாமல் காத்துவந்தாள்.

வேலையை ஒழுங்காகச் செய்தாள். பின்னேரம் விளக்கேற்றினாள். குசினி யன்னலைத் திறந்து தேங்காய்ச் சிரட்டையைக் கொளுத்திப் புகை போகவிட்டாள். றேடியோவைச் சற்றே கேட்கும்படி வைத்தாள். வாசலில் கிடந்த நாலு சோடி செருப்புகளை இடம் மாற்றிப் போட்டாள். ஒருவரிடமும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கொடி சொன்னது, ஒழுங்கை கேட்டுக்கொண்டது.

"வாகீசன்ரை தமக்கை குடும்பமோ வந்து நிக்குது?" என்று பக்கத்து வீட்டு அருமைநாயகி மதிலுக்கு மேலால் கேட்டாள். "வெளியிலை ஒரு தலையையும் காணேல்லை. கனடாத் தோல், வெய்யில் படக்கூடாதாக்கும்."

"ம்" என்றாள் குணலட்சுமி. அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்து அருமைநாயகி வாசற் படலையடியில் மறித்தாள். "உந்தப் பெட்டைக்குச் சொல்லு குணம், மத்தியானத்திலை மதிலுக்குப் பந்தடிக்க வேண்டாமெண்டு. எனக்குக் கண்ணயரேலாமல் கிடக்கு."

"எந்தப் பெட்டை?"

"வேறை எந்தப் பெட்டை? மஞ்சள் சட்டைக்காரி."

"பாத்தனியோ நீ?"

"பின்னை? பாக்காமலே சொல்லுறன்? ஓடேக்கை கண்டனான்."

கொடியில் ஆடிய சட்டையைக் கண்டிருப்பாள், அருமைநாயகிக்குக் கண்ணில் வெள்ளை வேறு படர்ந்திருக்கிறது என்று குணலட்சுமி தனக்குள் சொல்லிக்கொண்டாள். என்றாலும் போய் மதிலின் உட்பக்கத்தைப் பார்த்தாள். ஒரு சின்னப் பிள்ளையின் தோளுயரத்தில், சுண்ணாம்பு வட்டம் வட்டமாக உதிர்ந்திருந்தது. ஈரம் ஊறி உதிர்ந்ததாகவும் இருக்கலாம்.

இந்த வியாழக்கிழமை, உடுப்பெல்லாம் விரித்து முடிந்த நேரம், படலையில் ஒரு பெண் நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் ரப் என்கிற தொடுதிரைப் பலகை. அரசாங்கத்தின் குடும்பக் கணக்கெடுப்புக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். பெயர் யசிந்தா. வெய்யிலில் முகம் கறுத்துக் களைத்திருந்தது. தண்ணீர் கேட்டாள். தண்ணீர் கேட்டவளைப் படலையில் வைத்து அனுப்பக் குணலட்சுமிக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்து முன்னறையில் கதிரையில் இருத்தினாள்.

"ஏன் பிள்ளை இந்த வீடு? பக்கத்து வீட்டிலை எட்டுப் பேர் இருக்கினம். அங்கை போனால் நல்லாய்க் கதைப்பினம்."

யசிந்தா சிரித்தாள். "எல்லாரும் இதைத்தான் கேக்கிறவை. நாங்கள் விரும்பின வீட்டுக்குப் போகேலாது அம்மா. முதல் ஒருத்தர் வந்து இந்தப் பகுதியிலை உள்ள வீடெல்லாத்தையும் வரிசையா எழுதினவர். அதிலை முதல் வீட்டைக் குலுக்கல் மாதிரி எடுத்து, பிறகு இத்தினை வீட்டுக்கு ஒண்டெண்டு சம இடைவெளியிலை எண்ணிக்கொண்டு போறது. இந்த வீடு அப்பிடி விழுந்தது."

"வீட்டிலை ஆளில்லாட்டில்?"

"ஆளில்லையெண்டு போடுவம். ஆனால் பக்கத்து வீட்டை மாத்தி எடுக்கேலாது. பூட்டின வீட்டுக்கெல்லாம் பதிலா ஆளிருக்கிற வீட்டை எடுத்தால், பிறகு யாழ்ப்பாணத்திலை வெறும் வீடே இல்லையெண்டெல்லோ கணக்கு வரும்."

குணலட்சுமி அவள் தண்ணீர் குடித்து முடித்த செம்பை வாங்கி வைத்தாள்.

"போன செவ்வாயும் வந்தனான்" என்றாள் யசிந்தா, ரப்பைத் தட்டியபடி. "நீங்கள் கந்தசுவாமி கோயிலுக்குப் போட்டியள். வீட்டுப் பிள்ளை சொன்னவ."

"எந்தப் பிள்ளை?"

"சின்னப் பிள்ளை. கதவு திறக்கேல்லை, உள்ளுக்கிருந்து கதைச்சவ. 'அன்ரி கோயிலுக்குப் போட்டா. வியாழக்கிழமை தோய்க்க வருவா, அப்ப வாங்கோ' எண்டவ. கெட்டிக்காரி."

வெளியே வெய்யில் எறித்துக்கொண்டிருந்தது. குணலட்சுமியின் கை சேலைத் தலைப்பைத் தேடியது. செவ்வாய்க்கிழமை அவள் கோயிலுக்குப் போனது மெய். வீட்டை வெளியால் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் போனாள்.

"வீட்டைப் பதிஞ்சவர் நாலு பேரெண்டு போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டிலை கேட்டவராம். சரியோ அம்மா?"

விற்றுவிடுவேன் என்ற வாகீசனின் குரல் காதுக்குள் கேட்டது. "ஓம்" என்றாள்.

"கடைசிப் பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"பதினொண்டு."

"எத்தினையாம் வகுப்பு?"

"ஆறு."

"போன மாதத்திலை வருத்தம் ஏதும்?"

"காய்ச்சல். ரெண்டு நாள் படுத்த படுக்கை. கஞ்சிகூடக் குடிக்கேல்லை." சொல்லிவிட்டுத்தான் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். யோசித்துச் சொன்ன பொய்யென்றால் பயமில்லை. இது யோசிக்காமலே வந்திருந்தது. நேற்று நடந்ததைச் சொல்வதுபோல வந்திருந்தது.

யசிந்தா கவனிக்கவில்லை. அடுத்த கேள்வி ஏறும்வரை திரையில் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

"இதெல்லாம் எழுதி என்ன செய்வியள் பிள்ளை?"

"பெருக்குவினம். எல்லா வீட்டுக்கும் போகேலாதெல்லோ. அதாலை உங்கடை வீடு தனக்காக மட்டும் கதைக்கிறேல்லை, இன்னும் ஒரு இருநூறு வீட்டுக்காகவும் சேர்த்துத்தான் கதைக்குது. இஞ்சை ஒரு பதினொரு வயசுப் பிள்ளை எண்டால், மாவட்டக் கணக்கிலை அது இருநூறு பிள்ளை."

"இருநூறோ?"

"ஏறக்குறைய."

குணலட்சுமி யன்னலால் பார்த்தாள். சுன்னாகம் சந்தைக்குப் போகிற வழியெல்லாம், அங்கே வல்வெட்டித்துறைக் கடற்கரைவரை, ஒழுங்கைக்கு ஒன்றாக மஞ்சள் சட்டைப் பிள்ளைகள் மதிலோடு ஒட்டிக்கொண்டு நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. ஒன்றுக்கும் தாயில்லை. எல்லாம் அவள் தோய்த்துப் போட்ட பிள்ளைகள்.

கூடார முகாம் நினைவுக்கு வந்தது. அங்கே ஒருநாள் எண்ண வந்தவர்கள் ஆட்களை எண்ணவில்லை, கூடாரங்களை எண்ணினார்கள். கூடாரத்துக்கு நாலு பேர் என்று பெருக்கி அரிசி அனுப்பினார்கள். அவளுடைய கூடாரத்தில் ஏழு பேர். கூடிப்போன மூன்று பேரும் எங்கே போவது? கஞ்சியில் தண்ணீராகப் போனார்கள். தயாளினி அப்போது பானையைச் சுரண்டுகிற சத்தம் இன்னும் கேட்கும்.

"இல்லாத பிள்ளையளை எழுதினால், இருக்கிற பிள்ளையளின்ரை பங்கிலை கை வைச்ச மாதிரி வருமோ?"

யசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். "அப்பிடியும் வரலாம். இல்லாத ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டுற மாதிரி. ஏன் அம்மா கேக்கிறியள்?"

"இஞ்சை ஒருத்தரும் இல்லை பிள்ளை."

"இப்ப வீட்டிலை இல்லையோ?"

"எப்பவும் இல்லை. நான் முன் வீட்டிலை இருக்கிறனான். இது கனடாக்காரர்ரை வீடு. ஆளிருக்கிற மாதிரிக் காட்டத்தான் தோய்ச்சுப் போடுறன், செருப்பை மாத்திப் போடுறன், விளக்கு வைக்கிறன். வெறும் வீடெண்டு போடுங்கோ."

"அம்மா, நான் அப்பிடிப் போட்டால் எனக்கு மேலுக்கு இருக்கிற அதிகாரி ஒருக்கா வந்து பாப்பார். பக்கத்திலை விசாரிப்பார். நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம், ஆனால் ஒழுங்கைக்கு விளங்கும்."

"விளங்கட்டும்."

"உங்களுக்கு ஒண்டும் வராதோ?"

"வரும். வித்துப்போடுவன் எண்டு சொன்னவன். செய்வான்." பயம் குறைந்ததுபோல் இருந்தது அவளுக்கு, அல்லது பயம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. "எழுதுங்கோ. அரசாங்கம் எழுதட்டும், இஞ்சை ஒருத்தரும் இல்லையெண்டு. எழுத்திலை ஒருக்கா வந்தால் எனக்கும் நிம்மதி."

யசிந்தாவின் விரல் திரைக்கு மேலே நின்றது. அறைக் கதவுகள் மூன்றும் சாத்தியிருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அன்றைக்குத் தனக்குக் கேட்டது றேடியோவோ என்று கேட்கத்தான்போல வாயைத் திறந்தாள். குணலட்சுமியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பிறகு நாலு பேரையும், கீழிருந்து மேலாக, அழிக்கத் தொடங்கினாள். கடைசிப் பிள்ளையை அழிக்க விரல் இரண்டு தரம் போய்த் திரும்பியது. மூன்றாந் தரம் அழுத்தினாள்.

"போட்டாச்சு" என்றாள் மெதுவாக. "வெறும் வீடு."

குணலட்சுமி பெருமூச்சு விட்டாள். இனி வாகீசனுக்குத் தானே முந்திச் சொல்லிவிடவேண்டும், சாமான் கட்டவேண்டும், தயாளினிக்கு எப்படிச் சொல்லுவது என்று ஒரு கணக்குத் தலைக்குள் ஓடியது. அதற்குமுன், வழக்கம்போல, அறைகளையெல்லாம் தனியே திறந்து பார்த்துத் திரும்பப் பூட்டவேண்டும்.

"பிள்ளை" என்றாள். "அண்டைக்கு உங்களோடை கதைச்ச குரல்... எந்த அறைக்குள்ளாலை வந்தது?"

யசிந்தா பையைத் தோளில் மாட்டினாள். சாத்தியிருந்த மூன்றில் ஒரு கதவை மட்டும் பார்க்காமல், மற்ற எல்லாப் பக்கமும் பார்த்தாள். பிறகு திரும்பாமல் முன்னறையை விட்டு வெளியே போய்விட்டாள்.