கைநாட்டு வைத்த பி.ஏ.

கிருத்திகைக்குக் கூடியிருக்கும் முருகன் அன்பர்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

அறுபத்து மூன்றாம் வருஷம். பி.ஏ. முடித்து இரண்டு வருஷம் மனுப் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டார். சுரங்கத்தில் மண் வெட்ட ஒப்பந்த ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு நெய்வேலிக்கு வந்தேன். மேஸ்திரி கோவிந்தன் எடுத்த எடுப்பில், "படிச்சவன் வேணாம்பா, நாலு நாள்ல ஓடிப்பூடுவான்" என்றார். "படிக்கலீங்க" என்றேன். கைநாட்டு வைத்தேன். அன்றிலிருந்து தினமும் பயம்தான். கூடப் படித்தவன் எவனாவது குவார்ட்டர்ஸ் பக்கம் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். "முருகா, மாட்டிவிடாதே." வேறு வேண்டுதலே எனக்கு இல்லை.

ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. எங்கள் தலைக்கு மேல் பனை உயரத்துக்கு வெட்டிய மண்கரை. காலையில் அதன் அடியில் கசிவு இல்லை. பதினோரு மணிக்குத் தண்ணீர் கசிந்தது. மேலிருந்து சின்னச் சின்னக் கட்டியாக உதிர்ந்துகொண்டே இருந்தது.

எஞ்சினீயரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ம்... சரி" என்று தலைப்பாகையில் செருகிக்கொண்டார். பக்கத்தில் நின்ற என் கண்ணில் அது பட்டுவிட்டது. கரை நகர்கிறது, ஆட்களை உடனே மேலே ஏற்று என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கீழே பதினெட்டுப் பேர். "முருகா, வேறு யாராவது சொல்லட்டுமே" என்று வேண்டினேன். ஆமாம், அப்படித்தான் வேண்டினேன். அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். சித்தாள் கண்ணம்மா சோற்றுத் தூக்கோடு அந்தக் கரையடியில் உட்காரப் போனார். என்னைக் கேட்காமலே என் வாய் திறந்தது.

"மேஸ்திரி! கரை சரியுதாம், சீட்டுல போட்டிருக்கு! எல்லாரையும் மேல ஏத்துங்க!"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் உடனே குரல் கொடுத்தார். ஓடினோம். கடைசி ஆள் மேடேறியதும், பெரிதாகச் சத்தமே இல்லாமல் கரை உட்கார்ந்தது. கண்ணம்மாவின் தூக்கு கடைசிவரை கிடைக்கவில்லை.

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். மறுநாள் மேஸ்திரி ஆஜர் புத்தகத்தோடு பேனாவையும் நீட்டினார். "கையெழுத்துப் போடு தம்பி. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு மட்டும் யாராண்டயும் சொல்லிடாத."

இத்தனை வருஷம் சொல்லவில்லை. இன்று சொல்லச் சொன்னவரே அவர்தான். இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

பட்டத்தோடு வேலை தேடி அலையும் பிள்ளைகளே, முருகனை நம்புங்கள். மாட்டிவிடாதே என்று கெஞ்சினேன், மாட்டிவிட்டான். அதற்காகத்தான் கிருத்திகை தவறாமல் கற்பூரம் ஏற்றுகிறேன்.