அண்ணன் போட்ட பூட்டு

அண்ணன் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

அண்ணன் ஆற்காட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்ததால் ஐந்து வயதிலேயே செகந்திராபாத் வந்துவிட்டார். அப்பா இறந்தபோது அண்ணன் பள்ளி இறுதி வகுப்பு. படிப்பை விட்டு ஃபிட்டர் வேலை பழகி, அரசு மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்து, அங்கேயே ஆபரேட்டர் வேலைக்கு மனுப் போடச் சொன்னவரும் அவர்தான்.

எங்கள் பிரிவில் மூன்று ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி உண்டு. மருந்து தயாரிக்கும் முன் அதற்குள் கொதிக்கும் நீராவியை விட்டுச் சுத்தம் செய்வோம். உள்ளே பழுதுபார்க்க ஆள் இறங்கினால் நீராவி வால்வை மூடி, ‘திறக்காதே’ என்று எழுதிய அட்டையைக் கட்டிவைப்பது வழக்கம். ஒருநாள் அந்த அட்டை ஈரத்தில் ஊறி விழுந்துவிட்டது. அதை அறியாமல் ஒருவர் வால்வைத் திறக்க, உள்ளே இருந்த, அண்ணனோடு வேலை பார்த்த யாதையாவின் தோள் முதல் முழங்கை வரை வெந்துபோயிற்று. அவரைத் தூக்கிக்கொண்டு மருத்துவ அறைக்கு ஓடியவர் அண்ணன்.

அந்த வாரமே ஜெனரல் பஜாரில் ஒரு பூட்டும் சங்கிலியும் வாங்கினார். அதன்பிறகு அவருடைய ஆட்கள் யாராவது உள்ளே இறங்கினால் வால்வின் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டிப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொள்வார். “என்ன, பொண்டாட்டி நகை வச்சிருக்கியா?” என்று கேலி செய்வார்கள். அவர் முடிச்சை இன்னும் இறுக்கிக்கொள்வார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மதியம். தொட்டிக்குள் சுழன்று மருந்தைக் கலக்கும் தண்டு தளர்ந்திருந்தது. மேலே திறப்பருகே காவலுக்கு நின்றவர் போல்ட் எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தார். மேடையில் ஆளில்லாததைக் கீழிருந்தே பார்த்த சூப்பர்வைசர் என்னிடம் ஓடிவந்தார். “சப் கானே கூ கயே. செயின் காட் டால் ரே!” எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள், சங்கிலியை அறுத்துப்போடு என்றார். அடுத்த மருந்துக் கலவை காத்திருந்தது. மாலைக்குள் தொட்டி தயாராகாவிட்டால் அவ்வளவும் பாழ். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. ரம்பத்தை எடுத்தேன்.

அறுக்கும் சத்தம் இயந்திரங்களின் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. கண்ணி விட்டுப்போய்ச் சங்கிலி காலடியில் விழுந்தது. சக்கரத்தில் கைவைத்தேன். “கோல் ரே, ஜல்தி!” சீக்கிரம் திற என்று பின்னாலிருந்து சூப்பர்வைசரின் குரல். கால்வாசி திருப்பினாலே போதும், நீராவி பாய்ந்துவிடும். அப்போதுதான் உறைத்தது: பூட்டை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறவரா என் அண்ணன்? கையை எடுத்துவிட்டு, ஸ்பானரால் குழாயில் மூன்று முறை தட்டினேன்.

உள்ளிருந்து யாரோ மூன்று முறை தட்டினார்கள்.

சூப்பர்வைசர் நகர்ந்துவிட்டார். சிறிது நேரத்தில் அண்ணன் வியர்வை வழிய மேலே ஏறி வந்து, திறப்பருகிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். சங்கிலி கிடந்ததையும் என் கையிலிருந்த ரம்பத்தையும் கண்டார்.

“இன்னும் ரெண்டு பேர் உள்ளே இருக்காங்கடா,” என்றார். கீழே இறங்கி வந்து, அவர்கள் இருவரும் வெளியே வரும்வரை வால்வின் முன்னால் நின்றுகொண்டார்.

மறுநாள் அண்ணனே மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். விசாரணை நடந்தது. தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் சூப்பர்வைசர். சங்கிலியை அறுத்தது யார் என்று அண்ணனைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

“பேரைச் சொன்னா அவனை வீட்டுக்கு அனுப்பிட்டு ஃபைலை மூடிடுவீங்க. நாளைக்கு வேற ஒருத்தன் அறுப்பான் சார். பூட்டினவனைத் தவிர யாரும் தொடக்கூடாதுன்னு ஆர்டர் போடுங்க.”

நானும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

ஆர்டர் வந்தது. உள்ளே இறங்கும் ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு, தனிச் சாவி. கூடவே, விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று அண்ணனின் பதிவேட்டிலும் எழுதினார்கள். அவருக்கு வரவேண்டிய சார்ஜ்மேன் பதவி உயர்வு இரண்டு முறை அவரைத் தாண்டிப் போயிற்று. இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுத வராததால் கிடைக்கவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் ஒருமுறை, “அண்ணா, அந்த விசாரணை...” என்று தொடங்கினேன். “அது எதுக்குடா இப்போ? டாக்டர் வந்துட்டாரா பாரு,” என்றார்.

இரவு பகலாக உடனிருந்த அண்ணன் பிள்ளைகளுக்கும், இரத்தம் கொடுத்த தொழிற்சாலைத் தோழர்களுக்கும், தார்நாகாவிலிருந்து நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்த சம்பந்தி வீட்டாருக்கும், தள்ளாத வயதிலும் இறுதிச் சடங்குக்கு வந்து நின்ற யாதையாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

“அவருக்கு இங்கிலீஷ் வராதுன்னு நாலு பேர் எதிர்ல நானே சொல்லிக் காட்டியிருக்கேனே தம்பி,” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்படியே போடுங்க. ஒரு வரியும் எடுக்காதீங்க,” என்றார்.

எடுக்கவில்லை.