மெக்கானிக் வீட்டு மெஷின்

கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் ஆந்தை. ஹோட்டல்களில் பாத்திரம் கழுவும் பெரிய மெஷின்கள் பகலெல்லாம் ஓடும். சமையலறை மூடிய பிறகுதான் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியும். அதனால் இருபத்திரண்டு வருடமாக இரவெல்லாம் மெஷின்களோடு குடித்தனம் நடத்திவிட்டு, காலையில் வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்துக்கொள்வார். எந்த மெஷின் எங்கே மக்கர் பண்ணும் என்பது அவருக்கு அத்துப்படி. வீட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் சொல்ல முடியாது.

மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள், மதியம் அவள் இல்லை. அவர் அழவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். சொந்தபந்தம் சாடைமாடையாகப் பேசியது. மச்சினி நேராகவே கேட்டுவிட்டாள், "நீங்க மனுஷனா, மரமா?" அது அவருக்கே தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும்? அவருக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

மகள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறாள். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சிரித்துப் பேசுகிறவள், இவரிடம் மட்டும் வார்த்தைகளை எண்ணித்தான் செலவழித்தாள். அம்மாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதரோடு ஒரே வீட்டில் இருக்க அவளால் முடியவில்லை. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள்.

போகாதே என்று சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது, "வீட்ல ஏதாச்சும் ரிப்பேர் இருக்கா?" என்பதுதான்.

"பாத்திரம் கழுவுற மெஷின்ல தண்ணி ரொம்ப மெதுவா ரொம்புது. யாரையாவது கூப்ட்டுக் காட்டுங்க."

யாரையாவது! வேறொரு நாளாக இருந்தால் சுருக்கென்று தைத்திருக்கும். அவர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு சமையலறையில் மண்டி போட்டார்.

உள்ளே தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவையை ஆட்டிப் பார்த்தார். தாராளமாக ஏறி இறங்கியது. மெஷினை வெளியே இழுத்தார். ஹோஸ் எங்கும் மடங்கவில்லை. ஹோட்டலில் பழகிய கை அல்லவா, வாசலில் இருக்கும் மெயின் வால்வையே அடைத்துவிட்டு வந்து ஹோஸைக் கழற்றினார். தண்ணீர் நுழையும் இடத்தில் உப்பு படிந்து அடைக்கிற சின்ன வலை, நேற்று வாங்கியது போலப் பளபளத்தது. சரி என்று, தண்ணீரை உள்ளே விடும் வால்வையே கழற்றிப் புதிதாக ஒன்று மாட்டினார். மெயினைத் திறந்து ஓடவிட்டார். தலைகீழாக நின்று பார்த்தாலும் தண்ணீர் நூல் போலத்தான் வந்தது. புது மெஷினாக இருந்தால் கோபித்துக்கொண்டு சிவப்பு விளக்கைக் காட்டியிருக்கும். இது பழசு, எவ்வளவு நேரமானாலும் காத்துக் கிடந்தது.

துணிகளை மடித்துக்கொண்டிருந்த மகள் வந்து நின்றாள்.

"யாராவது போன் பண்ணா முதல்ல ஒண்ணு கேப்பீங்களே. குழாய் முழுசா திறந்திருக்கான்னு."

"அது நான் மாட்டுன குழாய்மா. திறந்துதான் இருக்கும்."

"குனிஞ்சு பாருங்க."

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த சோப்பு டப்பாவையும் துணிப்பையையும் நகர்த்தினார். பின்னால் இருந்த குழாய் முக்கால்வாசி மூடியிருந்தது.

"யார் திருகுனது?"

நடிக்கிறாரா என்று மகள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அம்மாதான். நான் ஒன்பதாவது படிக்கும்போது. தண்ணி ரொம்புற சத்தத்துல முழிச்சு வந்து, மனுஷன் தூங்க வேண்டாமான்னு கத்துனீங்க. அன்னைக்கே திருகி வெச்சாங்க. நூல் மாதிரி வந்தா சத்தம் கேக்காதுல்ல. காலையில போட்டா மதியம்தான் முடியும். நேரா அந்தக் குழாய்கிட்ட போறீங்களான்னு பாக்கத்தான் ரிப்பேர்னு சொன்னேன். இத்தனை வருஷமா உங்களுக்குத் தெரியும்னே நெனச்சுட்டிருந்தேன்."

"தெரியாதும்மா."

"அது இன்னும் மோசம்."

கத்தியது அவருக்கு ஞாபகமே இல்லை. மெஷினை வைத்துக்கொண்டும் மதியம் வரை சமையலறையிலேயே கிடக்கிறாயே என்று மனைவியைக் கிண்டல் செய்தது மட்டும் ஞாபகம் இருந்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

குழாயை முழுதாகத் திறந்தார். சுவருக்குள் பைப் தடதடவென்று அதிர்ந்தது. இரண்டே நிமிடத்தில் மெஷின் நிறைந்தது. அவர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

மறுநாள் காலை வந்து வழக்கம்போலப் படுத்தார். எழுந்தபோது மணி மூன்று. சமையலறையில் மகள் காய்ந்த தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவளுக்கு விடுமுறை.

"மெஷின் போட்டியா?"

"ரெண்டு தடவை போட்டேன்."

"குழாயைத் திருகிட்டா?"

"இல்ல. முழுசா திறந்துதான் இருந்துச்சு. அந்தச் சத்தத்துக்கு நீங்க அசையவே இல்ல."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

இத்தனை வருஷம் மனைவி மதியம் வரை சமையலறையில் கிடந்ததற்குத் தேவையே இருந்திருக்கவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, வெட்கமில்லாமல் அழுதார். மகள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.