புளுட்டோனியத்தில் விட்ட தண்ணீர்

அன்று காலை கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றவர்கள் மூன்று பேர்: ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான கலாநிதி பெல், உதவியாளரான ஜோன் என்ற பெண், நான். அம்மா அங்கே இல்லை, இலங்கையில், எங்கள் ஊரான முரசுமோட்டையில் இருந்தார். ஆனால் பெட்டியில் பொருத்திய தடித்த கையுறைக்குள் வேலை செய்தது அவர் பழக்கிய கை.

எங்கள் வீட்டில் தேநீருக்குப் பால் ஊற்றிய செம்பை வெறுமனே கழுவப் போட முடியாது. "துரைக்குக் கை நோகுதோ? அலம்பி அதுக்குள்ளையே விடடா!" என்பார் அம்மா. இங்கிலாந்தில் பாலுக்கும் பஞ்சமில்லை, தண்ணீருக்கும் பஞ்சமில்லை. இருந்தும், அமிலத்தில் கரைந்த புளுட்டோனியத்தைக் குடுவை மாற்றியபோது, பழைய குடுவையில் ஒட்டியிருந்த ஒரு துளியை விட மனம் வரவில்லை. இரண்டு கரண்டி தண்ணீரால் அலம்பி உள்ளே விட்டேன். அமிலத்தால் அலம்பியிருக்க வேண்டும். மொத்தக் கரைசலே ஒரு போத்தல் மூடியளவுதான். பழுப்பு பச்சையாக மாறியது.

அமிலம் குறைந்தால் புளுட்டோனிய அணுக்கள் தண்ணீரைப் பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று கோத்து நுண்துகள்களாகிவிடும். பார்வைக்குத் தெளிவாக இருக்கும், அடியில் படியாது. மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானை விட்டுக் குலுக்கினோம். நல்ல புளுட்டோனியம் எண்ணெய்க்கு ஏறும். இது ஏறவில்லை. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே பாலாடைபோல் நின்றது.

"ஊரில் கலங்கல் தண்ணீர் தெளியத் தேத்தாங்கொட்டை உரைப்போம்," என்றேன், பதற்றத்தில்.

"எந்தக் கம்பனி தயாரிக்கிறது?" என்று பெல் குறிப்பேட்டை எடுத்தார்.

"மரத்தில் காய்க்கும்."

ஜோன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பெல் சிரிக்கவில்லை. "கடும் அமிலத்தில் சூடாக்கி மீட்டெடு. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஆகும். அதுவரை விடுமுறை இல்லை. போவதென்றால் திரும்பி வராதே."

நான் அடுத்த கிழமை கப்பலேற இருந்தவன். ஐயா இல்லாத வீட்டில் அக்காவைத் தாரைவார்த்துக் கொடுக்க நான்தான் போகவேண்டும். பக்கத்து ஊரான வட்டக்கச்சியிலிருந்த மாப்பிள்ளை வீட்டார் எனக்காக ஒருமுறை நாளைத் தள்ளிப்போட்டும் இருந்தார்கள். அம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதிய கடிதம் வந்தது: "மாப்பிள்ளை வீட்டுக்காரர் இனிப் பொறுக்கமாட்டினமாம். உனக்கு அங்கை என்னடா அப்பிடி வேலை?"

பச்சைத் தண்ணீரைப் பழுப்பாக்குகிறேன் என்று எப்படி எழுதுவது? வேலை போய்விடுமென்று பயந்து அங்கேயே நின்றேன்.

ஏழாம் கிழமை புளுட்டோனியம் எண்ணெய்க்கு ஏறியது. பெல் தோளில் தட்டினார். அன்று மாலையே அடுத்த கடிதம்: "அவை வேறை இடம் பாத்திட்டினம். அக்கா கலியாணத்துக்கு எடுத்த சீலையளைப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டா."

இன்றும் பால் போத்தலை அலம்பித் தேநீருக்குள் விடுகிறேன். அறையை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரி முகம் சுளிக்கிறாள். ஊருக்குப் போனால் அக்காவின் முகத்தை நேரே பார்க்க முடியாது. நான் வீணாக்காமல் காத்தது ஒரு துளி. அதற்குப் போனவை ஆறு கிழமை, ஒரு கப்பல், ஒரு கலியாணம்.